அவள் பேரில் ஒரு சம்மதம்

குமாரலிங்கபுரத்துச் செல்லத்துரை தன் மகள் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்த அன்றைக்கு, எம்.ரெட்டியபட்டியில் பாதி ஊர் பருத்திக் காட்டில் கிடந்தது. மாசி மாத வெயில் பத்து மணிக்கே முதுகில் ஏறிவிட்டது. காய் வெடித்த பருத்தியை ஒரு நாள் விட்டாலும் காற்று கொண்டுபோய்விடும் என்று பொம்பளைகள் விடியக் கருக்கலிலேயே மடியைக் கட்டிக்கொண்டு இறங்கியிருந்தார்கள்.

செல்லக்கிளி மட்டும் வீட்டில் இருந்தாள். அவளை வீட்டில் நிறுத்தி வைத்தது மருந்து. மாமியார் ராஜாத்தி, கமுதிப் பக்கம் ஒரு பண்டுவக்காரியிடம் வாங்கி வந்த வேரை இடித்துக் காய்ச்சிக் கொடுத்திருந்தாள். வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும். மூன்று நாளைக்கு வெயிலில் இறங்கக் கூடாது, உப்பும் புளியும் சேர்க்கக் கூடாது. இது ஏழாவது மருந்தோ எட்டாவது மருந்தோ, எண்ணுவதை அவள் விட்டு வெகுநாளாயிற்று. குடித்ததும் நாக்கு மரத்துப்போகும், மத்தியானம் வரைக்கும் குடலைப் புரட்டும். பிள்ளை வேண்டுமென்றால் பொறுத்துத்தான் ஆக வேண்டும் என்பாள் மாமியார். அவளும் பொறுத்தாள்.

கல்யாணமாகி ஆறு வருசம் முடியப்போகிறது. புருசன் இன்பராஜுக்கு மஸ்கட்டில் கட்டட வேலை. எண்பத்து நான்கில் தாலி கட்டி, நாற்பதாம் நாள் விமானம் ஏறியவன். அடுத்த வருசமே அங்கே அவனுக்கு ஓர் ஆபரேசன் நடந்தது. செல்லக்கிளியின் அண்ணன் ஜெபக்குமாரும் அப்போது அதே கம்பெனியில் இருந்தான். இன்பராஜ் எடுத்துக் கொடுத்த விசாவில் போனவன். அவன்தான் கடிதம் எழுதினான். ‘மாப்பிள்ளைக்குக் குடலிறக்கம். பாரம் தூக்கியதால் வந்தது. சின்ன ஆபரேசன்தான். நான் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்கிறேன், நீ ஒன்றுக்கும் பயப்படாதே.’ கடிதத்தை மாமியாருக்கு வாசித்துக் காட்டிவிட்டு இரண்டு பேரும் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணினார்கள். வேறு யார் எழுதியிருந்தாலும் செல்லக்கிளி பயந்திருப்பாள். எழுதியது அண்ணன். அவள் பயப்படவில்லை.

அதற்குப் பிறகு இன்பராஜ் இரண்டு தடவை லீவில் வந்து போனான். இது மூன்றாவது லீவு. வந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. அன்றைக்கு ஏதோ சாமான் வாங்க அருப்புக்கோட்டைக்கு பஸ்ஸேறியிருந்தான்.

செல்லத்துரை வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு, “இன்பராஜ் இருக்காரா தங்கச்சி?” என்றான். மஸ்கட்டில் ஒரே அறையில் இருந்தவன் என்று அவளுக்குத் தெரியும். பாயை விரித்து உட்கார வைத்து, கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொண்டுவந்தாள். அவன் பத்திரிகையைத் தட்டில் வைத்துக் கொடுத்தான். மகளைப் பற்றிக் கொஞ்சம், மாப்பிள்ளை பாலையம்பட்டியில் தறி போட்டிருப்பதைப் பற்றிக் கொஞ்சம் பேசினான். பிறகு கேட்டான்.

“இன்பராசுக்கு இப்ப ஒண்ணும் தொந்தரவு இல்லையே? குளிருக்கு அந்த எடம் இழுத்துப் புடிக்கும்பாரு. ராத்திரியெல்லாம் எந்திரிச்சு ஒக்காந்திருப்பாரு, பாவம்.”

“குடலெறக்கந்தானண்ணே. அது அப்பவே ஆறிப்போச்சே.”

செல்லத்துரை காப்பியை வாய்க்குக் கொண்டுபோனவன் நிறுத்தினான்.

“குடலெறக்கமா? மூணாவது மாடிச் சாரத்துல இருந்து கம்பி மேல விழுந்த மனுசனுக்கு என்ன தாயி குடலெறக்கம்? பதினோரு நாளு...” சொல்லிக்கொண்டே வந்தவன் அவள் முகத்தைப் பார்த்தான். பேச்சு அப்படியே நின்றது.

“சாரத்துல இருந்து விழுந்தாகளா?”

“ஒங்கண்ணன் சொல்லலையா?”

“எங்கண்ணனா?”

“அவருதான தங்கச்சி கூட இருந்தாரு. அவருதான கையெழுத்துப் போட்டாரு.” செல்லத்துரை டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். “நா ஒண்ணும் சொல்லல தாயி. என்னமோ பழைய நெனப்புல உளறிட்டேன். கல்யாணத்துக்கு ரெண்டு பேரும் கட்டாயம் வந்துரணும்.” சைக்கிளை மிதித்துப் போனவன் திரும்பியே பார்க்கவில்லை. காப்பி பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

செல்லக்கிளி கதவைச் சாத்தினாள். வெயிலில் இறங்கக் கூடாது என்பது நினைவிருந்தது. இறங்கினாள்.

ஜெபக்குமார் மஸ்கட்டிலிருந்து திரும்பி வந்து நாலு வருசமாகிறது. திருச்சுழி ரோட்டில் கண்மாய்க்கு மேற்கே கரிமூட்டம் போட்டுக்கொண்டிருந்தான். சீமைக்கருவேல் விறகை வெட்டி, வட்டமாக அடுக்கி, மேலே தழையும் மண்ணும் போட்டு மூடித் தீ வைத்தால் எட்டு நாள், பத்து நாள் உள்ளுக்குள்ளேயே வெந்து கரியாகும். எங்காவது மண் பொத்துக் காற்று நுழைந்தால் அவ்வளவுதான், எல்லாம் கொழுந்துவிட்டு எரிந்து சாம்பலாகிவிடும். அதனால் மூட்டத்தை விட்டு நகர முடியாது. அவள் போனபோது அவன் தலைத்துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு, புகை கசிந்த இடத்தில் மண்வெட்டியால் ஈர மண்ணை அப்பிக்கொண்டிருந்தான்.

“என்னத்தா இந்நேரத்துல? மருந்து குடிச்சிருக்கேன்னு அத்த சொன்னாக. வெயில்ல வரலாமா?”

“அவுகளுக்கு என்ன ஆபரேசன் அண்ணே?”

அவன் மண்வெட்டியை ஓங்கிய கை ஓங்கியபடி நின்றது. பிறகு மண்ணைப் போட்டு, மண்வெட்டியின் முதுகால் தட்டினான்.

“குடலெறக்கம். எழுதியிருந்தேன்ல.”

“செல்லத்துரையண்ணன் வந்துட்டுப் போறாக.”

ஜெபக்குமார் மூட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். புகைக்கு அந்தப் பக்கம் நின்றான். ஆள் தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது.

“ஒரு அண்ணன் தங்கச்சிகிட்டப் பேசுற பேச்சில்ல தாயி அது.”

“நா அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன். சொல்லு.”

அவள் நிசமாகவே திரும்பிக்கொண்டாள். காய்ந்த கண்மாய்க்குள் ஆடுகள் நிழல் தேடி ஒன்றன் வயிற்றுக்குள் ஒன்று தலையைக் கொடுத்து நின்றன. அண்ணன் பேசினான். இடையிடையே மண்வெட்டிச் சத்தம் கேட்டது.

“பொதங்கெழம மத்தியானம். சாப்பாட்டுக்கு எறங்குற நேரம். பலக நழுவிருச்சு. குறுக்குக் கம்பி மேல கால அகட்டி விழுந்து, அங்கருந்து கீழ விழுந்தாரு. நாங்கதான் நாலு பேரு லாரியில தூக்கிப் போட்டுக் கொண்டுபோனோம். அது பெரிய ஆஸ்பத்திரி. உள்ள போனா மார்கழி மாதிரி குளிரு. டாக்டருக்குப் பாசை வேற. மலையாளத்து நர்சம்மா ஒருத்திதான் அவரு சொல்றத எனக்கு வெளங்குற மாதிரி சொல்லுச்சு. ரெண்டு நாளு ஊசி போட்டுப் பாத்தாக. வீக்கம் வத்தல. காச்ச கொதிக்குது. ‘ஒரு பக்கம் எடுத்தாகணும், மறுபக்கம் கொழாய வெட்டிக் கட்டணும், உள்ளயெல்லாம் சீழு’ன்னுச்சு. ‘செஞ்சா உயிரு நிக்கும், பிள்ள நிக்காது’ன்னுச்சு.”

செல்லக்கிளி அசையவில்லை.

“‘இன்னும் ரெண்டு நாளு பொறுத்துப் பாத்தா?’ன்னு கேட்டேன். ‘வெசம் ஒடம்புல ஏறிட்டா ஆளே இல்ல’ன்னுச்சு. அப்பறம் டாக்டரு என்னமோ கேட்டாரு. ‘இவருக்குக் கல்யாணம் ஆயிருச்சா, சம்சாரத்துக்கிட்டக் கேட்டீங்களா?’ன்னு அர்த்தமாம். இங்கன போனு ஏது? தந்தியடிச்சு, நீ அத வாசிச்சு, பதிலு வாரதுக்குள்ள அவரு போயிருவாரு. ‘கேட்டாச்சு. சம்மதம்னுட்டா’ன்னேன். ஒம் பேரக் கேட்டாக. சொன்னேன். அந்தம்மா தாள்ல எழுதுச்சு. கீழ நாங் கையெழுத்துப் போட்டேன்.”

ஏதோ ஒரு தேசத்து ஆஸ்பத்திரியில், ஏதோ ஒரு தாளில், செல்லக்கிளி என்று எழுதியிருக்கிறது. அவள் சம்மதித்தாள் என்று எழுதியிருக்கிறது. அவள் அன்றைக்கு என்ன செய்துகொண்டிருந்தாள் என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் நினைவு வரவில்லை. கம்பு இடித்திருப்பாள். தண்ணிக்கு நின்றிருப்பாள்.

“அது குத்தமில்லண்ணே,” என்றாள். “அன்னைக்கு என்னயக் கேட்டிருந்தாலும் நானும் அதத்தான் சொல்லியிருப்பேன். உயிரு முக்கியம். அதுக்கப்பறம்?”

“அப்பறம் என்ன? பதினோரு நாளு கெடந்தாரு. சாயங்காலம் நாலுல இருந்து ஆறு வரைக்குந்தான் உள்ள விடுவாக. வேலைய விட்டு ஓடி ஓடிப் போவேன். உப்புக் காரம் இல்லாம கோழிய வேக வச்சுத் தருவாக, திங்க மாட்டாரு. ஒரு வாயி ரசம் வேணும்னு பச்சப்பிள்ள மாதிரி அழுதாரு. நா ரூம்புல வச்சு, பிளாஸ்கில ஊத்தி, சட்டைக்குள்ள மறச்சுக் கொண்டுபோனேன்.”

“நா அதக் கேக்கல. எங்கிட்ட ஏன் சொல்லல?”

மண்வெட்டிச் சத்தம் நின்றது.

“மயக்கம் தெளிஞ்சு விசயம் தெரிஞ்சதும், எங் கையப் புடிச்சுக்கிட்டாரு. ‘ஒந் தங்கச்சிக்குத் தெரியக் கூடாது, ஊருல ஒரு உசுருக்குத் தெரியக் கூடாது, எந் தலமேல அடிச்சுச் சத்தியம் பண்ணு’ன்னாரு. சாகப் பொழைக்கக் கெடக்குற மனுசன். எனக்கு விசா எடுத்துக் குடுத்தவரு. பண்ணேன்.”

“ஊருக்கு வந்தப்பறம்?”

“சத்தியம் பண்ணதுதான் தாயி.”

அப்போது அவள் திரும்பினாள்.

“நீதானண்ணே என்னய மதுரைக்குக் கூட்டிட்டுப் போன? அத்த சொன்னாகன்னு, கர்ப்பப்பையச் சுத்தம் பண்ணணும்னு. அவுக வெளிநாட்டுல இருக்காக, நீதான் வந்த. மயக்க ஊசி போடுறதுக்கு முந்தி அந்த டாக்டரம்மா தாளக் குடுத்துச்சு. எனக்கும் நீதான் கையெழுத்துப் போட்ட.”

ஜெபக்குமார் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான். கரி இன்னும் பரவியது.

“எனக்கு ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சேதான் போட்ட?”

அவன் துண்டை உதறித் தோளில் போட்டான்.

“நா மயங்கிக் கெடக்கையில வெளிய பெஞ்சுல ஒக்காந்திருந்தியே, அப்ப என்ன நெனச்ச? முழிச்சு வந்ததும் எளநி வெட்டிக் குடுத்தியே, ‘எல்லாஞ் சரியாயிரும் தாயி’ன்னியே!”

“செல்லக்கிளி, கர்த்தர் அறியச் சொல்றேன், எத்தன தடவ வாயத் தொறக்கப் போனேன்!”

“ஒம் மகளத் தொட்டில்ல போடுற அன்னைக்கு, நா பிள்ளையத் தூக்கப் போனேன். மதினி வெடுக்குன்னு வாங்கிக்கிட்டுச்சு. மலடி கை மொதல்ல படக்கூடாதுன்னு. நீ பக்கத்துல நின்ன.”

மூட்டத்தின் தென்புறத்தில் மண் பிளந்து ஒரு கொழுந்து வெளியே நாக்கை நீட்டியது. ஜெபக்குமார் கண்ணை அவளிடம் வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றான். பிறகு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே ஓடினான். அவன் முதுகைப் பார்த்தபடி நின்றிருந்துவிட்டு செல்லக்கிளி நடந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது மூன்று மணி இருக்கும். மாமியார் காட்டிலிருந்து வந்து, நடுவீட்டில் பருத்தியைக் கொட்டித் தூசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். இன்பராஜ் டவுனிலிருந்து வந்து, சட்டையைக் கழற்றிவிட்டு மோர் குடித்துக்கொண்டிருந்தான்.

“மருந்தக் குடிச்சுட்டு எங்க ஊரு சுத்திட்டு வார?” என்றாள் ராஜாத்தி. “இப்படியிருந்தா எப்படி வகுத்துல தங்கும்?”

செல்லக்கிளி நேரே புருசன் முன்னால் போய் நின்றாள்.

“ஒங்களுக்கு நடந்தது குடலெறக்கம் ஆபரேசன் இல்லன்னு ஒங்கம்மாகிட்ட நீங்க சொல்றீகளா, நா சொல்லட்டுமா?”

இன்பராஜ் சொம்பைக் கீழே வைத்தான். வைத்த கை சொம்பைவிட்டு எடுபடவில்லை. “யாரு சொன்னா?” என்றான்.

“எங்கண்ணன்.”

“சத்தியம் பண்ணியிருந்தானே,” என்றான் அவன். அண்ணன் பேரைக் கேட்டதும் அவன் வாயிலிருந்து முதலில் வந்தது அதுதான்.

ராஜாத்தி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். செல்லக்கிளி சொன்னாள். சுற்றி வளைக்காமல், அண்ணன் சொன்னதை அண்ணன் சொன்னபடியே சொன்னாள். கிழவி பாதியில் எழுந்துவிட்டாள். மடியில் இருந்த பருத்தி சிதறியது.

“அடி பாவி! ஒங் குத்தத்த மறைக்க எம் பிள்ள மேல பழி போடுறியா? ஏலே, கேட்டுக்கிட்டே ஒக்காந்திருக்கியே, வாயத் தொறந்து சொல்லு! இல்லன்னு சொல்லுலே!”

இன்பராஜ் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு தோள் குலுங்கியது.

ராஜாத்தி மகனிடம் போனாள். பக்கத்தில் உட்கார்ந்து அவன் தலையை இழுத்து மார்பில் போட்டுக்கொண்டாள். “எம்புட்டு வலிச்சுச்சோ! ஆளில்லாத தேசத்துல என்ன பாடுபட்டியோ! பெத்தவகிட்டச் சொல்லலையே ராசா!” என்று அழுதாள். அவனும் அழுதான். அஞ்சு வருசத்து அழுகை. செல்லக்கிளி நின்றுகொண்டிருந்தாள். மாமியார் தன் பக்கம் திரும்புவாள் என்று காத்திருந்தாள். அவள் ஊற்றிக் கொடுத்த கசாயத்துக்கு, பங்குனி வெயிலில் சர்ச்சுக்கு முழங்காலில் நடக்க வைத்ததற்கு, கிணற்றடியில் நாலு பேர் முன்னால் பேசிய பேச்சுக்கு ஒரு சொல். பெரிய சொல் வேண்டாம். ‘ஏத்தா’ என்று ஒரு தடவை கூப்பிட்டாலும் போதும் என்றிருந்தது.

கிழவி வெகுநேரம் கழித்துத்தான் திரும்பினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து, செல்லக்கிளியின் இரண்டு கையையும் பிடித்தாள். அப்படிப் பிடித்ததே இல்லை.

“தாயி, ஒங் கால்ல வேணும்னாலும் விழுகுறேன். இது வெளிய தெரிய வேணாம்.”

பிடித்த கையை விடாமல் மேலே சொன்னாள்.

“ஆம்பளப்பிள்ள. வெளிய தெரிஞ்சா நாண்டுக்கிட்டுச் செத்துப்போவான். மருந்து குடிக்கிற மாதிரியே இரு. நானும் ஏசுற மாதிரி ஏசிக்கிறேன். ஊருக்குக் கொறையுள்ளவ நீயாவே இருந்துட்டுப் போ. ஒனக்கு அது பழகிப்போச்சு. அவனால தாங்க முடியாதுத்தா.”

செல்லக்கிளி புருசனைப் பார்த்தாள். ‘வேண்டாம்மா’ என்று அவன் சொல்லியிருக்கலாம். அவன் தாயின் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தான். அது நல்ல யோசனைதானா என்று பார்ப்பவன் மாதிரி இருந்தது அவன் முகம். அவள் தன் கையை உருவிக்கொண்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் உலை வைத்தாள். குழம்பில் உப்பும் புளியும் தாராளமாகப் போட்டாள். மூன்று பேரும் தனித்தனியாகச் சாப்பிட்டார்கள்.

மறுநாள் காலை ஏழரை மணிக்கு அவள் திருச்சுழியிலிருந்து வரும் பஸ்ஸுக்காக ரோட்டில் நின்றாள். கையில் ஒரு ரெக்சின் பை. அருப்புக்கோட்டையில் அவளுடைய சித்தி ஏஞ்சலின், விசைத்தறிக் கொட்டகையில் தார்க்குச்சியில் நூல் சுற்றுகிறாள். அங்கே எப்போதும் ஆள் தேவை. ஒரே அறையில் குடியிருப்பவள்தான், ஆனால் போ என்று சொல்ல மாட்டாள். அண்ணன் வீடு ஒரு மைலில் இருந்தது. அங்கே போவதைப் பற்றி அவள் நினைக்கக்கூட இல்லை.

இன்பராஜ் சைக்கிளில் வந்து இறங்கினான். தூங்காத கண். வேட்டியைத் தாறுமாறாகக் கட்டியிருந்தான். பஸ்ஸுக்கு நிற்கும் மற்ற இரண்டு பேருக்குக் கேட்காத தூரத்துக்கு அவள் தள்ளிப்போய் நின்றாள். ஊருக்கு அவள் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அது அவனுக்காகவா என்றால், அவளுக்கே தெரியவில்லை.

“போகாத செல்லக்கிளி. அம்மா பேசுனத மனசுல வச்சுக்காத.”

“அவுக பேசுனாக. நீங்க ஒண்ணும் பேசலையே.”

அவன் சைக்கிள் மணியை விரலால் தடவிக்கொண்டு நின்றான்.

“ஒண்ணு கேக்குறேன். மறைக்காமச் சொல்லுங்க. ஏன் எங்கிட்ட மறச்சீக?”

“நீ விட்டுட்டுப் போயிருவேன்னு.”

“போயிருக்க மாட்டேன்னு ஒங்களுக்குத் தெரியாதா?”

“தெரியாது,” என்றான் இன்பராஜ். கொஞ்சம் பொறுத்து, “ராத்திரி எண்ணிப் பாத்தேன். கல்யாணத்துல இருந்து இன்னைக்கு வரைக்கும் நாம சேந்து இருந்தது நூத்தி எழுவத்தி மூணு நாளு. அந்த ஆஸ்பத்திரியில கெடக்கையில அது வெறும் நாப்பது. ஒன்னய எனக்கு எப்படித் தெரியும்?”

அதில் பொய் இல்லை. ஆறு வருசத்தில் அவன் அவளிடம் சொன்ன முதல் முழு உண்மை அதுதான் என்று அவளுக்குப் பட்டது. அவன் மேலிருந்த கோபத்தில் ஏதோ ஓர் ஓரம் லேசாக விட்டுக்கொடுத்தது. அவளுக்கும் அவனை என்ன தெரியும்? ராத்திரியில் அவன் எழுந்து உட்கார்ந்திருப்பான் என்பதைக்கூடச் செல்லத்துரை சொல்லித்தான் தெரிந்துகொண்டாள்.

“எங்கண்ணனுக்குத் தெரியுமே,” என்றாள். “இருவது வருசம் ஒரே வீட்டுல, ஒரே தட்டுல சாப்புட்டு வளந்தோம். அவன் ஒண்ணும் சொல்லலையா ஒங்ககிட்ட?”

இன்பராஜ் தலையைக் குனிந்துகொண்டான்.

“சொன்னான். ஆஸ்பத்திரிலயே சொன்னான். ‘எந் தங்கச்சி அப்படிப்பட்டவ இல்ல மாப்ள, ஒங்கள விட்டுட்டுப் போக மாட்டா, சொல்லிருவோம்’னுதான் சொன்னான். நாந்தேன் கேக்கல.”

தூரத்தில் பஸ் புழுதியோடு திரும்பியது. அதற்கு முன்னால், ரோட்டோரமாக, ஜெபக்குமார் வேகவேகமாக நடந்து வந்துகொண்டிருந்தான். மூட்டத்திலிருந்து நேரே வருகிறான் என்பது பார்த்ததும் தெரிந்தது, காதுவரைக்கும் கரி. பஸ்ஸைக் கண்டதும் ஓடிவந்தான்.

அண்ணனுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் எப்படிப்பட்டவள் என்று நன்றாகத் தெரிந்து, அதை வாய்விட்டுச் சொல்லியும் இருக்கிறான். தெரிந்துகொண்டேதான் மதுரை ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

பஸ் நின்றது. ஜெபக்குமார் மூச்சிரைக்க வந்து அவள் பைக்குக் கையை நீட்டினான். தூக்கி வைக்கத்தான். அவள் பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டு ஏறினாள். ஜன்னலோரம் இடம் இருந்தது, உட்கார்ந்தாள். அவன் வெளியிலிருந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். வெள்ளைக் கம்பியில் கறுப்பாக விரல் பதிந்தது.

“எங்க போற தாயி? அதையாச்சும் சொல்லிட்டுப் போ.”

இன்பராஜ் சைக்கிளைப் பிடித்தபடி அங்கேயே நின்றான். கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டு டிக்கெட் கட்டோடு அவள் பக்கம் வந்தார்.

செல்லக்கிளி அவரைப் பார்த்துச் சொன்னாள்: “அருப்புக்கோட்டைக்கு ஒண்ணு குடுங்க.”

பஸ் நகர்ந்தது. கம்பியைப் பிடித்திருந்த கை கொஞ்ச தூரம் கூடவே வந்தது.